கன்னையாவின் இடது கை

மணிக்கட்டு வெறுமையாக இருந்தது. பள்ளிக்கூடக் கேன்டீன் வேலை முடிந்து, மலேசியாவின் கிள்ளானில் அந்த அடுக்குமாடிப் படிகளை மூச்சு வாங்க ஏறி வந்த பவுனம்மாள், தோள்பையைக்கூட இறக்காமல் வழக்கம்போல முதலில் புருஷன் கன்னையாவின் வலது கையைத்தான் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். வாதம் அடித்ததிலிருந்து அந்தக் கைக்கு உயிர் இல்லை, அவர் வாய்க்குப் பேச்சும் இல்லை. மஞ்சள் கயிறு இருந்த இடத்தில் சிவந்த தடம் ஒன்று ஓடியது. காலையில் அவள் பூசிவிட்டுப் போன விபூதியையும் காணோம். நெற்றியில் எண்ணெய் மினுமினுத்தது.

ஆடித் திருவிழாவுக்கு அம்மன் கோயில் பூசாரி வீட்டுக்கே வந்து கட்டிய காப்பு அது. வெள்ளிக்கிழமை அவள் பால்குடம் எடுக்க வேண்டும், சக்கர நாற்காலியில் அவர் கூடவே வர வேண்டும், அதற்குப் பிறகு கோயிலில்தான் அவிழ்க்க வேண்டும். நடுவில் அறுந்தால் வேண்டுதலும் அறுந்தது. பிறகு இந்த மனுஷன் எழுந்து நடப்பது ஏது?

"சாந்தி!"

சமையலறையிலிருந்து ஈரக் கையோடு வந்தாள் சாந்தமேரி, கன்னையாவின் தங்கை. இக்னேஷியஸைக் கட்டிக்கொண்டு ஞானஸ்நானம் வாங்கியவள். இப்போது ஒரு ஜெபக் கூட்டத்தில் முக்கியமான ஆள். பவுனம்மாள் வேலைக்குப் போகும் பொழுதெல்லாம் வந்து அண்ணனைக் குளிப்பாட்டி, கஞ்சி ஊட்டி, முதுகில் புண் வராமல் புரட்டிப் படுக்கவைப்பவள் அவள்தான். அவள் வரவில்லை என்றால் இந்த வீட்டில் அடுப்பு எரியாது. அது பவுனம்மாளுக்கும் தெரியும்.

"காப்பு எங்க?"

"கை வீங்கியிருந்துச்சு அண்ணி. கயிறு இறுக்கிக்கிட்டு இருந்துச்சு."

"அவுத்து, தளர்த்திக் கட்டியிருக்கலாம்ல?"

"முடிச்சு வுடல."

"இறுக்குச்சுன்னு வெட்டுனியா, ஜெபம் பண்ணி வெட்டுனியா? அத மட்டும் சொல்லு."

சாந்தமேரி கையைத் துணியில் துடைத்தாள். பொய் சொல்ல அவளுக்கு வராது, சின்ன வயதிலிருந்தே.

"ரெண்டுந்தான் அண்ணி. ஜெபக் கூட்டத்து சிஸ்டருங்க வந்திருந்தாங்க. கட்டு அறுந்தாத்தான் சுகம் இறங்கும்னாங்க. நானும் நம்புறேன். என் அண்ணன் எந்திரிக்கணும்னுதானே?"

"உன் சாமி இறங்கி வர்றதுக்கு எங்க ஆத்தா கயிறுதான் குறுக்க நின்னுச்சா? யாரு குடுத்தா உனக்கு அந்த அதிகாரம்?"

"நீங்க கட்டுனீங்களே, உங்களுக்கு யாரு குடுத்தா?"

"நான் பொண்டாட்டி!"

"நான் கூடப் பொறந்தவ. சும்மா ஒண்ணும் வெட்டல அண்ணி. அவரக் கேட்டுத்தான் வெட்டுனேன். வெட்டவான்னு கேட்டேன், இடது கையால என் கைய அழுத்துனாரு."

"எனக்குந்தான் அழுத்துனாரு. பூசாரி முன்னால!"

இருவரும் கட்டிலைப் பார்த்தார்கள். கன்னையா கூரை மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பவுனம்மாள் சாமி மாடத்திலிருந்து மஞ்சள் நனைத்த புதுக்கயிறு ஒன்றை எடுத்து வந்தாள். பூசாரி கட்டியதற்கு ஈடாகாது என்றாலும் ஆத்தாளுக்கு மனசு தெரியாமலா போய்விடும்? சாந்தமேரியும் தன் கைப்பையிலிருந்த ஜெப எண்ணெய்க் குப்பியை எடுத்துக்கொண்டு அடுத்த பக்கம் வந்து நின்றாள். பவுனம்மாள் அவருடைய இடது கையைப் பிடித்தாள்.

"கட்டவாங்க?"

விரல்கள் அழுத்தின. அவள் நாத்தனாரைத் தலை நிமிர்ந்து பார்த்தாள். சாந்தமேரி அந்தக் கையை வாங்கிக்கொண்டாள்.

"ண்ணே, ஜெபம் பண்ணவா?"

அழுத்தினார். அதே அளவு, அதே பதம்.

பவுனம்மாள் விடவில்லை. கையை மறுபடி தன் பக்கம் இழுத்தாள். "இன்னிக்குக் கஞ்சி வேணாமா?" அழுத்தினார். "உங்கள இப்படியே போட்டுட்டு நாங்க ரெண்டு பேரும் காய் வாங்க பாசாருக்குப் போயிடவா?" அதற்கும் அழுத்தினார்.

சாந்தமேரி களுக்கென்று சிரித்துவிட்டாள். சிரித்த வாயை அப்படியே பொத்திக்கொண்டு அழுதாள். "அப்ப நான் கேட்டதுக்கு..." என்று தொடங்கியவள் முடிக்கவில்லை.

முடிக்க வேண்டிய தேவையும் இல்லை. பவுனம்மாளுக்கு இந்தச் சம்மதம் பழக்கமானதுதான். பேச்சு நீளும்போதெல்லாம் "சரி லா" என்று சொல்லிவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு துறைமுகத்து லோரியை ஓட்ட இறங்கிப் போகிறவர். கல்யாணமான புதிதில் கோயிலுக்குக் கூப்பிட்டாள். வாசல்வரைக்கும் வந்தார். அதற்குமேல் ஓர் அடி வைக்கவில்லை. சண்டை போடவுமில்லை, கேலி செய்யவுமில்லை.

"ஒங்க கல்யாணத்தன்னிக்கு சர்ச்சுக்குள்ள வந்தாரா?" என்று கேட்டாள்.

சாந்தமேரி மூக்கை உறிஞ்சினாள். "எங்க வந்தாரு? கேட் வரைக்கும் கொண்டாந்து விட்டாரு. அப்பா இல்லாத பொண்ணு, நீதான் கையப் புடிச்சு உள்ள கூட்டிட்டுப் போகணும்னு அழுதேன். 'நீங்க போயிட்டு வாங்க...'"

"'...நான் வண்டியப் பாத்துக்கிறேன்.'"

இருவர் வாயிலும் அது அவருடைய குரலாகவே வந்தது. எந்தக் கோயில் வாசலிலும் அந்த லோரியை யார் தூக்கிக்கொண்டு போயிருக்கப் போகிறார்கள்? இத்தனை வருஷத்தில் அதை ஒருநாளும் பவுனம்மாள் அவரிடம் கேட்டதில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ. இனிக் கேட்டாலும் அழுத்தத்தான் போகிறார்.

வெள்ளிக்கிழமை வரத்தான் போகிறது. குடத்தை அவள் எடுப்பாள், அதில் மாற்றமில்லை. அவருடைய சக்கர நாற்காலி? கயிற்றின் இரண்டு நுனிகளையும் பிடித்தபடி அவருடைய வலது மணிக்கட்டின் மேல் குனிந்தாள். சிவந்த தடம் இன்னும் ஆறவில்லை. எதிர்ப்பக்கம் சாந்தமேரி குப்பியின் மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள். "நீங்க கட்டுங்க அண்ணி, நான் ஒண்ணும் சொல்லல," என்றாள் மெதுவாக. பவுனம்மாள் கட்டவில்லை. கயிற்றை மடியில் போடவும் மனம் வரவில்லை.

கீழே துறைமுகச் சாலையில் கொள்கலன் ஏற்றிய லோரி ஒன்று மேட்டில் திணறி, உறுமி, கியர் மாற்றிற்று. பவுனம்மாளின் பிடியிலிருந்து நழுவிப் போயிருந்த கன்னையாவின் இடது கை, போர்வைக்கடியில் எதையோ தேடிப் பிடித்து, மெல்ல முன்னே தள்ளி, தன் பக்கம் இழுத்தது.