வெளியூர் போனவன்

என் தம்பி காணாமல் போன அன்றும் எங்கள் வீட்டில் ஏழே காலுக்குக் காலை உணவு முடிந்துவிட்டது. அதை நினைத்து நான் பெருமைப்பட்டுக்கொண்ட நாட்கள் உண்டு. மொத்தம் ஐந்து நாட்கள்.

அன்று திங்கட்கிழமை. முகம் மழித்துக்கொண்டிருந்தேன். தம்பியின் மனைவி குளியலறைக் கதவுக்கு வெளியே வந்து நின்றாள்.

"அத்தான், அவரைக் காணோம். வாசல் கேட் திறந்து கிடக்கு."

ஒரு கன்னம் முடிந்திருந்தது, மறு கன்னத்தில் நுரை. அதையும் முடித்துவிட்டுத்தான் வெளியே வந்தேன். பாதி முகத்தோடு தெருவில் ஓடுகிற குடும்பமல்ல எங்களுடையது.

வீட்டில் நாங்கள் மூன்று பேர்தான். நான் மனைவியை இழந்தவன். முப்பத்து நான்கு வருடம் நீதிமன்றத்தில் பெஞ்ச் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். தம்பி தபால் நிலையத்தில் கடிதம் பிரிக்கும் வேலை பார்த்தவன். ஒரு காலத்தில் கையெழுத்தைப் பார்த்தே யார் வீட்டுக் கடிதம் என்று சொல்லிவிடுவான். இரண்டு வருடமாக அவனுக்குத் தன் செருப்பு எது என்றே தெரியவில்லை. காலையில் அவன் சட்டைப் பொத்தான்கள் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்த பிறகே வாசலுக்கு விடுவேன். அவனுடைய ஒரே மகள் கல்யாணமாகி வெளியூரில் இருக்கிறாள். அப்பாவுக்குக் கொஞ்சம் ஞாபக மறதி என்று மட்டும் அவளுக்குத் தெரியும். எவ்வளவு என்று நான் தெரியவிடவில்லை.

"பக்கத்து வீட்ல ஒரு வார்த்தை கேட்டுட்டு வரட்டுமா?" என்றாள் தம்பி மனைவி.

"வேண்டாம். முதல்ல தட்டை வை."

"மூணு தட்டா அத்தான்?"

"எப்பவும் எத்தனை வைப்பே?"

வைத்தாள். சாப்பிட்டோம். அவன் தட்டைக் கழுவாமலே எடுத்து அடுக்கினாள்.

எனக்கு ஈரமில்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். எங்கள் அப்பாவுக்கும் கடைசிக் காலத்தில் இதே மறதிதான். ஒரு நண்பகலில் இடுப்பில் துணியில்லாமல் கடைத்தெரு நடுவில் நின்றார். நான் போய்ச் சேர்வதற்குள் நாற்பது பேர் கூடிவிட்டார்கள். ஒருவன் கை தட்டினான். என் சட்டையைக் கழற்றி அவர் இடுப்பில் கட்டி அழைத்து வந்தேன். பின்னால் தம்பி அழுதுகொண்டே வந்தான். அழாதே, பார்க்கிறார்கள் என்றேன். அதன் பிறகு அப்பா உயிரோடிருந்த இரண்டு வருடமும் தெருவில் எங்கள் வீட்டுக்குப் பெயர் பைத்தியக்கார வீடு. அந்தப் பெயரைத் துடைத்தெடுக்க எனக்கு என் வயதில் பாதி செலவாயிற்று. மறுபடி எழுதிக்கொள்ளச் சம்மதமில்லை.

போலீசுக்குப் போனால் போட்டோ கேட்பார்கள். கேட்டால் செய்தித்தாளில் போடுவார்கள். ஆகவே நானே தேடினேன். தேடுவது தெரியாமல் தேடினேன். தினமும் காலையில் நடக்கும் அதே பாதை, அதே வேகம். கண் மட்டும் இரண்டு பக்கமும் போய்வந்தது. பள்ளிக்கூடம், வங்கி, பேருந்து நிலையத்தின் வெளிமதில், அங்கே இடது பக்கம் திரும்பினால் பூங்கா, பிறகு வீடு. யாரிடமும் எதுவும் கேட்கவில்லை.

வீட்டுக்குள் எல்லாம் நேரப்படி நடந்தது. ஆறு மணிக்குத் தேநீர். நடந்து வந்ததும் செய்தித்தாள். தம்பிக்குக் கண்ணாடி போட்டும் எழுத்து ஓடியதால் அவனுக்காக இரைந்து படிப்பது என் வழக்கம். வெறும் நாற்காலிக்கும் இரைந்தே படித்தேன். பத்து மணிக்குத் துணி உலர்த்தினோம். மூன்றரைக்கு அலமாரி துடைத்தேன். அது எனக்கு உதவியது என்பதை மறைக்க மாட்டேன். அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று கைக்குத் தெரிந்திருந்தால் நெஞ்சு கொஞ்சம் அடங்கியிருக்கிறது.

"உங்களுக்கு எப்படி அத்தான் சாப்பாடு இறங்குது?" என்று செவ்வாய்க்கிழமை கேட்டாள்.

"இறங்கலை. சாப்பிடறேன்."

அன்று மாலை இஸ்திரிக் கடைக்காரன் என்னைப் பிடித்துக்கொண்டான். தெருமுனையில் கடை. தெருவில் அவனுக்கு 'ரேடியோ' என்று பெயர். பெட்டி சூடாகும் முன்பே அவன் சூடாகிவிடுவான். அவன் காதில் விழுந்தது அடுத்த தெருவுக்குப் போக அரை மணி ஆகாது. என்னை ஐயா என்பான், தம்பியை அண்ணன் என்பான்.

"ஐயா, அண்ணனை ரெண்டு நாளா காணோமே? அவரு பேன்ட் ஒண்ணு என்கிட்ட படுத்துத் தூங்குது."

"மக வீட்டுக்குப் போறான். வெளியூர்."

"பையும் கையுமா போறதை நான் பார்க்கலையே. என் கண்ணுல படாம இந்தத் தெருவை விட்டு ஒரு பூனை போகுமா?"

விவரம் இல்லாத பொய் நிற்காது. கூண்டில் ஏறியவர்களைப் பார்த்துப் பார்த்து நான் கற்றுக்கொண்டது அது. ஒரு சின்ன விவரம், சரியான இடத்தில் வைத்தால் போதும்.

"பழைய ஆபீஸ் நண்பர் ஒருத்தர் வந்து கூட்டிட்டுப் போயிட்டார். ரெண்டு நாள் அங்க. அங்கேர்ந்து அப்படியே பஸ் ஏறி மக வீட்டுக்குப் போறான்."

"அதானே பார்த்தேன். போகட்டும், போகட்டும். உங்க காவல்லேர்ந்து மனுஷன் கொஞ்சம் காத்து வாங்கட்டும்" என்று சிரித்தான்.

நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து தம்பி மனைவியிடம் அந்தப் பொய்யை இரண்டு முறை சொல்லவைத்துச் சரிபார்த்தேன். அவள் பாடம் ஒப்பிப்பது போலச் சொன்னாள்.

வியாழக்கிழமை தம்பி மனைவி அலமாரி துடைக்கும் துணியை என் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்தாள்.

"பொண்ணுக்கு போன் பண்ணணும் அத்தான்."

"அவ அழுதுக்கிட்டே கிளம்பி வருவா. தெருவே திரும்பிப் பார்க்கும். சனிக்கிழமை வரைக்கும் பொறு."

"அவருக்கு சர்க்கரை மாத்திரை..."

"தெரியும்."

துணியை எடுத்து மறுபடி என் கையில் கொடுத்தாள். நாற்பத்தொரு வருடமாக என் சொல்லைத் தாண்டாதவள். அதை அவளுடைய நல்ல குணம் என்று ஊரிடம் சொல்லியிருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை ஒன்பது மணிக்கு ரேடியோ மடித்த பேன்ட்டை முழங்கையில் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தான். நான் நாற்காலியில் இருந்தேன். அவள் கதவருகே நின்றாள்.

"அண்ணி, இந்தாங்க. அண்ணன் நல்லபடியா போய்ச் சேர்ந்தாரா?"

"சேர்ந்துட்டார்" என்றாள், பாடத்தின்படி.

"அப்பாடா. ஏன் கேக்கறேன்னா, புதன்கிழமை நான்தானே ஏத்திவிட்டேன்."

அவள் பேன்ட்டை வாங்க நீட்டிய கை அப்படியே நின்றது.

"எங்க ஏத்திவிட்டே?" என்றேன்.

"பஸ் ஸ்டாண்டுல, ஐயா. மச்சினனை ஏத்திவிடப் போனேன், காலை எட்டு மணி இருக்கும். அண்ணன் குடிதண்ணிக் குழாய்கிட்ட நிக்கறார். சட்டையெல்லாம் அழுக்கு. என்னண்ணே, நண்பர் வீட்ல தண்ணி கூட இல்லையான்னு கேலி பண்ணேன். சிரிச்சார். எங்க போகணும்னேன். வீட்டுக்குன்னார். மக வீட்டுக்குத்தானேன்னேன். ஆமான்னார். நீங்க சொன்னது சரியா இருக்கேன்னு நானே டிக்கெட் எடுத்து ஜன்னலோரமா உட்கார வச்சேன். என் கையைப் புடிச்சு விடவே மாட்டேன்னுட்டார், பாவம். பஸ் கிளம்புற வரைக்கும் நின்னுட்டுத்தான் வந்தேன்."

ரேடியோ எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். பேசாமல் நின்ற அவனை அன்றுதான் முதல் முறையாகப் பார்த்தேன்.

"ஐயா, நீங்க சொல்லாம இருந்திருந்தா நான் நேரா இங்கதானே கூட்டிட்டு வந்திருப்பேன்" என்றான் மெதுவாக.

இரண்டு நாட்கள் தம்பி இங்கேயே இருந்திருக்கிறான், எங்கள் வீட்டிலிருந்து கால் மணி நடையில். புதன்கிழமையும் அந்த மதிலோரமாக நடந்தேன். இடது பக்கம் திரும்பினேன்.

தம்பி மனைவி செருப்பைப் போட்டுக்கொண்டாள். "எங்க போறே?" என்று கேட்டேன். தெருவின் நடுவில் போய் நின்றாள். அவள் குரல் அவ்வளவு தூரம் போகும் என்று எனக்குத் தெரியாது.

"எங்க வீட்டுக்காரரைக் காணோம். அஞ்சு நாளாச்சு. அவருக்கு புத்தி சரியில்லை. யாராவது பாருங்க."

கதவுகள் திறந்தன. யாரும் கை தட்டவில்லை. எதிர் வீட்டுக்காரி ஓடிவந்து அவளைப் பிடித்துக்கொண்டாள். பக்கத்து வீட்டுக்காரர் போனை எடுத்துக்கொண்டே வந்தார். ரேடியோ கடையை அப்படியே போட்டுவிட்டு, அந்தப் பஸ் தடத்தில் ஓடும் கண்டக்டர் ஒவ்வொருவரையும் போனில் கூப்பிட்டான். யாரோ ஒருவர் எங்கள் கூடத்துக்குள் செருப்போடு வந்து சுவரிலிருந்து தம்பியின் படத்தை எடுத்துப் போனார். என்னிடம் கேட்கவில்லை. மதியம் ஒரு மணிக்குள் தகவல் வந்துவிட்டது. நான் ஐந்து நாள் காத்த மானத்தை அவர்கள் நான்கு மணி நேரத்தில் உடைத்து, உள்ளேயிருந்து ஆளை எடுத்துவிட்டார்கள்.

மகளுடைய ஊரில் பொது மருத்துவமனை, மாலைக்குள் போய்ச் சேர்ந்தோம். கடைசி நிறுத்தத்தில் இறக்கிவிடப்பட்டு, எங்கே போவதென்று தெரியாமல் ஒரு நாள் முழுக்க வெயிலில் நடந்து விழுந்திருக்கிறான். அந்த நிறுத்தத்திலிருந்து மகள் வீடு மூன்றாவது தெரு. பெயர் தெரியாத ஆண், வயது எழுபது இருக்கலாம் என்று தலைமாட்டில் எழுதித் தொங்கவிட்டிருந்தார்கள். சிறுநீரகம் நின்றுவிட்டது என்றார் டாக்டர். கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருந்தால் என்று ஆரம்பித்தவர், மகளின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

அவன் கண் திறக்கவில்லை. மனைவி அவன் காதில் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தாள். மகள் கால்மாட்டில் நின்றாள். ஒரு பாதம் முழுக்கக் கட்டு. நான் சட்டைப் பொத்தானைப் பார்த்தேன். மருத்துவமனைச் சட்டையில் பொத்தான் இல்லை, நாடாதான்.

"பெரியப்பா, திங்கட்கிழமை எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாமே" என்றாள் மகள். குரலை உயர்த்தவில்லை.

"நீ கலங்கிடுவேன்னு..."

"கலங்கியிருப்பேன். கலங்கிக்கிட்டே பஸ் ஸ்டாண்டுக்கு வந்திருப்பேன்."

சனிக்கிழமை விடிந்ததும் அவன் போய்விட்டான். உடலை வாங்கப் படிவம் நிரப்ப வேண்டும். ஜன்னலுக்குப் பின்னால் இருந்த எழுத்தர் இளைஞர், வரிசையாகக் கேட்டார். இறந்தவர் பெயரைச் சொன்னாள் மகள். மனைவி பெயர். மகள் பெயர். பிறகு பேனாவால் என் பக்கம் காட்டினார்.

"கூட வந்திருக்கிற பெரியவர் யாரு? என்ன உறவு?"

நான் வாயைத் திறப்பதற்குள் மகள் சொன்னாள்: "தெரிஞ்சவர்."

தம்பி மனைவி பக்கத்தில்தான் நின்றாள். அவள் காதில் அது விழுந்தது. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள், அவ்வளவுதான். நான் அண்ணன் என்று சொல்லியிருக்கலாம். ஜன்னலுக்கு வெளியே வரிசையில் எட்டுப் பத்துப் பேர் நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எழுத்தர் அவள் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டு, கையெழுத்து யார் போடுவது என்று கேட்டார்.