பதினைந்து வினாடி வானம்

ஹாய்வேய் ஊரின் மூன்றாம் இளவரசர் முதன்முதலாகத் தரையை விட்டு எழும்பியது சந்திரக் கணக்கில் ஒன்பதாம் மாதம் ஒன்பதாம் நாள், அவருடைய ஊர்வலத்தில், காலை பத்தேகால் மணிக்கு, மீன்சந்தைக்கு எதிரே. உயரம் ஒரு சாண். அந்த வருடம் உரித்த சிப்பி ஒரு ஜின், அதாவது அறுநூறு கிராம், நூற்றெழுபது யுவானுக்குப் போயிற்று. காற்று வடகிழக்கிலிருந்து அடித்தது. இளவரசர் குழந்தைச் சாமி. காலுக்கடியில் காற்றும் நெருப்புமாக இரண்டு சக்கரங்கள் வைத்திருப்பவர், மிட்டாய் படைத்தால் மகிழ்பவர், ஊர்வலத்தில் எலெக்ட்ரானிக் இசையைத் தவிர வேறெதற்கும் ஆடாதவர். ஆகவே அவர் எழும்பியதில் ஊருக்குப் பெரிய ஆச்சரியம் எதுவும் இல்லை. பெரிய தலையும் வெள்ளைக் கையுறையுமாக இருந்த அவருடைய பதினெட்டுக் கிலோ பொம்மை உடைக்குள் நின்று ஆடியது யூச்சின் என்பதுதான் சிக்கல். குவோதுங்கின் மனைவி அவள். குவோதுங் ஸ்பீக்கர் லாரியை ஓட்டுகிறவன், மற்ற நாட்களில் ஸ்கூட்டர் மெக்கானிக். அவன் போட்ட குறுந்தட்டில் முதல் பாட்டுக்கும் இரண்டாம் பாட்டுக்கும் நடுவே நான்கு வினாடி சத்தம் இல்லை. அந்த நான்கு வினாடியில் அவள் மேலே போனாள். இரண்டாம் பாட்டு தொடங்கியதும் கீழே வந்தாள்.

அடுத்த வருடம் லாரி ஒரு பள்ளத்தில் இறங்கியதில் தட்டு சிக்கிக்கொண்டது. பதினோரு வினாடி. யூச்சின் மின்கம்பிகளைத் தாண்டிப் போய் மருந்துக்கடைப் பெயர்ப்பலகைக்கு மேலே நின்றாள். குவோதுங் செருப்பைக் கழற்றிப் பெட்டியை மூன்று அடி அடித்தான், பாட்டு வந்தது, விட்ட இடத்திலிருந்து அவள் ஆட்டத்தைத் தொடர்ந்தாள். மறுநாள் மின்சார ஊழியர் ஒருவர் வந்து கம்பியின் உயரத்தை அளந்து எழுதிக்கொண்டு போனார். கோயில் தலைவர் லின் வேறு மூன்று பேரை அந்த உடைக்குள் நுழைத்துப் பார்த்தார். இளவரசர் கருங்கல்லாகி நின்றார், ஒரு விரலைக்கூட அசைக்கவில்லை. பிறகு யூச்சினையே மறுபடி உள்ளே விட்டு, இடைவெளியே இல்லாமல் முன்கூட்டித் தைத்து வைத்த ஒருமணி நேரப் பாட்டை வரவழைத்துக் கோயில் முற்றத்தில் போட்டார்கள். பத்தாவது நிமிடத்தில் இளவரசரின் குதிகால் மெதுவாக மேலே கிளம்பியது. குழந்தைச் சாமி அல்லவா, சொன்ன கதையையே சொன்னால் எழுந்து போய்விடும். பாட்டு நிற்கவும் கூடாது, பழையதாகவும் இருக்கக் கூடாது. லாரியில் ஓர் ஆள் நின்று ஒரு பாட்டின் வாலில் அடுத்ததன் தலையை அப்போதைக்கப்போது முடிந்துகொண்டே வரவேண்டும். பெண்டாட்டி யாருடையவளோ அவனே அதைக் கற்றுக்கொள்ளட்டும் என்று லின் தீர்ப்புச் சொன்னார். ஐம்பத்தோரு வயதில் குவோதுங் டிஜே ஆனது இப்படித்தான். ஆசைப்பட்டு வந்த வேலை அல்ல.

கருவி வாங்குவதற்கு அவன் கடைக்காரரிடம் யோசனை கேட்கவில்லை, சாமியிடம் கேட்டான். பிறை வடிவில் இரண்டு சிவப்பு மரத்துண்டுகளைத் தரையில் போடுவது அங்கே வழக்கம். ஒன்று நிமிர்ந்து ஒன்று கவிழ்ந்தால் சம்மதம். இரண்டும் கவிழ்ந்தால் மறுப்பு. இரண்டும் நிமிர்ந்தால் சாமி சிரிக்கிறார். ஊசி வைத்துச் சுற்றும் இசைத்தட்டு மேசை இரண்டு வாங்கட்டுமா என்று கேட்டான், சாமி சிரித்தார். ஹாய்வேய் சாலையில் ஊசி எத்தனை நேரம் நிற்கும் என்பதை யோசித்துப் பார்த்தபோது அவனுக்கும் சிரிப்பு வந்தது. நகரத்து கிளப்புகளில் வைத்திருக்கும் பெரிய கருவியா? மறுபடி சிரிப்பு. லேப்டாப்பில் சொருகுவதா? வெயிலில் வெந்துவிடும் என்றோ என்னவோ, மறுப்பு. கடைசியில், இடது சக்கரம் லேசாக ஒட்டுகிற, பென்டிரைவ் சொருகும் பழைய சின்னக் கருவி ஒன்றைச் சொன்னதும் மூன்று முறையும் சம்மதம் விழுந்தது. இளவரசருக்கு இரண்டு சக்கரம், இதற்கும் இரண்டு சக்கரம். அவருக்குப் பிடித்துப்போனது அதனால்தான் என்றார் லின்.

சொல்லிக்கொடுத்தவள் சோயாப்பால் கடை ஜியாலிங். முப்பத்தெட்டு வயது. தைச்சுங் நகர கிளப்புகளில் பத்து வருடம் டிஜேயாக இருந்துவிட்டு, அப்பா படுத்ததும் ஊர் திரும்பிக் கடையை எடுத்துக்கொண்டவள். பிற்பகல் இரண்டு மணிக்குக் கடையைக் கழுவிவிட்ட பிறகு, ஈரத்தரையில் பாடம். முதல் நாளே, இரண்டு பாட்டின் வேகத்தையும் தானாகவே ஒன்றாக்கிவிடும் பொத்தானின் மேலும், வேகத்தைக் காட்டும் எண்களின் மேலும் மூட்டுவலிப் பிளாஸ்திரியை ஒட்டிவிட்டாள். காதில் ஹெட்போனை ஒரு பக்கம் மட்டும் மாட்டிக்கொண்டு, வெளியே ஓடுகிற பாட்டோடு காதுக்குள் ஓடுகிற பாட்டைச் சேர்க்க வேண்டும். ஒரு மாதம் வரை, ஒற்றைச் செருப்போடு ஒருவன் படியிறங்கி ஓடுவதுபோலத்தான் சத்தம் வந்தது. எதிர்வீட்டில் வளர்த்த வாத்துகள் முட்டையிடுவதை நிறுத்தின. பிறகு ஒருநாள் பட்டறையில் இரண்டு ஸ்கூட்டர்களை ஸ்டார்ட் செய்து பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தியபோது அவனுக்குப் புத்தி வந்தது. இரண்டும் வெவ்வேறாகத் துடித்துக்கொண்டிருந்தன. ஒன்றின் ஐட்லிங் திருகை மயிரிழை மயிரிழையாகத் திருப்பினான். நெருங்கின, உரசின, ஒன்றாயின. கருவியின் ஓரத்திலிருந்த வேகக் குச்சியும் அதே திருகுதான் என்று அவன் விரலுக்குப் புரிந்த அன்றைக்கு, எதிர்வீட்டில் பதினேழு முட்டை கிடைத்தது.

மற்றதெல்லாம் கடினமாக வந்தது. இரண்டு பாட்டின் அடிச்சத்தத்தையும் ஒரே நேரத்தில் விடக்கூடாது, ஒரு அடுப்படியில் இரண்டு மாமியார் நிற்பதுபோல் ஆகிவிடும் என்று ஜியாலிங் சொன்னாள். ஒன்றை இறக்கிவிட்டுத்தான் மற்றதை ஏற்ற வேண்டும். நான்கு தட்டு ஒரு கட்டு, எட்டுக் கட்டு ஒரு வாக்கியம். வாக்கியம் முடிகிற இடத்தில்தான் அடுத்த பாட்டு வாயைத் திறக்கலாம். குவோதுங் எப்போதும் இருபத்தொன்பதாவது தட்டிலேயே உள்ளே பாய்ந்தான்.

"அண்ணே, வீட்ல அக்கா பேசறப்பவும் இப்டித்தான் குறுக்க விழுவீங்களா?"

"அவ எங்க பேசறா, முதலாளியம்மா?" என்றான் குவோதுங்.

ஜியாலிங் வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மூன்று வருடம் ஹாய்வேயில் இளவரசர் தரையிலேயே ஆடினார். ஊர்வலம் நாலு மணி நேரமோ ஆறு மணி நேரமோ, கடைக்குக் கடை ஊதுபத்தி மேசை போட்டு நிறுத்தினாலும், ஒரு வினாடிகூட ஓட்டை விழவில்லை. குவோதுங்கின் பெயர் பக்கத்து ஊர்களிலும் தெரிந்தது. அவன் சட்டை வாங்குவதிலேயே ஒரு மாற்றம் வந்தது, பூப்போட்டவை. ஊர்வலம் முடிந்ததும் யூச்சின் பெரிய தலையைக் கழற்றி வைப்பாள், கழுத்தைத் துடைத்துக்கொள்வாள், பூசணித் தேநீர் குடிப்பாள், ஒன்றும் சொல்லமாட்டாள். உலகத்தில் ஒருத்தியைப் பத்திரமாகத் தரையில் நிறுத்தி வைக்க ஒருவன் இவ்வளவு பாடுபட்டிருக்கிறான் என்பதற்கு ஒரு வார்த்தை வரும் என்று அவன் காத்திருந்தான். வரவில்லை. மூன்றாம் வருடம் ஊர்வலம் முடிந்த அன்று மாலை, கோயிலில் ஆள் ஓய்ந்ததும், மண்டியிட்டு மரத்துண்டுகளைப் போட்டான். நான் நன்றாகச் செய்தேனா? சாமி சிரித்தார். அவளுக்குச் சந்தோஷம்தானே? சிரித்தார். இப்படியே இடைவெளி விடாமல் போய்க்கொண்டிருக்கலாமா? சிரித்தார். கேள்விக்கு மூன்று முறையாக, ஒன்பது தடவை சிரித்தார். அந்தக் கோயிலில் அதுவரை யாருக்கும் அப்படி விழுந்ததில்லை.

பின்னாலிருந்து மிட்டாயைக் கடிக்கிற சத்தம் கேட்டது. யூச்சின், படையல் தட்டிலிருந்து ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு தூணில் சாய்ந்திருந்தாள்.

"கிழவா, மிஷின் வாங்க அவர்கிட்ட கேட்ட. சட்டை வாங்கக்கூட அவர்கிட்ட கேட்ட. என்னைப் பத்தியும் அவர்கிட்டயே கேக்குற. நான் இங்கதான நிக்கறேன்?"

அவன் மரத்துண்டுகளைக் கையில் வைத்துக்கொண்டே திரும்பினான். அவள் சொல்லத் தொடங்கினாள். அந்தப் பதினோரு வினாடி மேலே சத்தமே இல்லை. இருபத்தாறு வருடமாக ஸ்கூட்டர் சத்தம், ஏழு வருடமாக ஸ்பீக்கர் சத்தம், அதற்கு நடுவே அவன் சத்தம். மேலே காற்று மட்டும். சிப்பி வளர்க்கும் கழிகள் கடலில் சீப்புப் பல்லாட்டம் வரிசையாகத் தெரிந்தன. நம் வீட்டுக் கூரையும் தெரிந்தது என்றாள்.

"உன் பதினாலாம் நம்பர் ஸ்பானர் அங்கதான் கெடக்குது. நான் தொலைச்சேன்னு மூணு வருஷமாத் திட்டுறியே, அது."

"ஏன் சொல்லல?"

"நீ எங்க இடைவெளி விட்ட?"

வெளியே பட்டாசுக் காகிதத்தை யாரோ பெருக்கிக்கொண்டிருந்தார்கள். அவன் வெகுநேரம் பேசாமல் இருந்தான். அதுவே அவளுக்குப் புதிதாக இருந்திருக்க வேண்டும், இன்னொரு மிட்டாயை எடுத்து அவனிடம் நீட்டினாள். நிறுத்தினால் நீ போய்விடுவாய், திரும்பி வராவிட்டால் நான் என்ன செய்வேன் என்று அவன் தரையைப் பார்த்துக் கேட்டான்.

"சரியான எடத்துல போட்டா வருவேன். போய்க் கத்துக்க."

குவோதுங் மரத்துண்டுகளைப் போட்டான். ஒன்று நிமிர்ந்தது, ஒன்று கவிழ்ந்தது.

வீட்டுக்குப் போகிற வழியிலேயே ஏணியைக் கடன் வாங்கிக் கூரையில் ஏறினான். ஸ்பானர் துருப்பிடித்துக் கிடந்தது. அடுத்த வாரம் ஜியாலிங்கிடம் போய், இனி நிறுத்தக் கற்றுக்கொடு என்றான். பாட்டை நிறுத்த யாரும் காசு கொடுத்ததில்லை, அதனால் தனக்கே அது பாதிதான் வரும் என்று அவள் ஒப்புக்கொண்டாள். ஒரு வருடம் இருவருமாகப் பழகினார்கள். இசையைத் துண்டித்துவிட்டு, கருவியின் மேலிருந்து கையை எடுத்து முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, முப்பத்திரண்டு தட்டுகளை எதுவும் தட்டாமல் எண்ணவேண்டும். பதினைந்து வினாடி. இருபத்தொன்பதில் அவன் கை தானாக விடுபட்டு ஓடும். ஜியாலிங் சோயாப்பால் கரண்டியால் அதன் மேல் ஒன்று போடுவாள்.

ஒன்பதாம் மாதம் ஒன்பதாம் நாள், மீன்சந்தை எதிரே, அவன் பாட்டை நிறுத்தினான். லாரி எஞ்சினையும் அணைத்தான். ஊரே அதுவரை தன் சத்தத்தை இப்படிக் கேட்டதில்லை. எங்கோ ஒரு குழாய் சொட்டியது, கொடிகள் படபடத்தன. இளவரசர் ஒரு சாண் எழும்பினார், பிறகு மருந்துக்கடைப் பலகை, பிறகு மின்கம்பி, பிறகு கோயில் முகட்டுப் பீங்கான் டிராகன்கள், அதற்கும் மேலே. அண்ணாந்து பார்த்தால் எண்ணிக்கை தவறிவிடும் என்று குவோதுங் தன் கால் கட்டைவிரலையே பார்த்து எண்ணினான். இருபத்தெட்டு. இருபத்தொன்பதில் கை விடுபடப் பார்த்தது, ஆனால் முதுகுக்குப் பின்னாலேயே இருந்தது. முப்பது. முப்பத்தொன்று. முப்பத்திரண்டு முடிந்து அடுத்த ஒன்றில் அடிச்சத்தம் சாலையில் இறங்க, அதே நொடியில் இரண்டு பாதங்களும் அதன் மேல் இறங்கின. இளவரசர் வெள்ளைக் கையுறையை உயர்த்தி லாரியை நோக்கி ஒருமுறை அசைத்துவிட்டு ஆடப் போனார்.

அப்போதிலிருந்து ஒவ்வொரு வருடமும் இது உண்டு; இப்போது அறுபத்துநான்கு தட்டு. மின்கம்பிகளை நகர்த்தி ஓரமாகக் கட்டியிருக்கிறார்கள். ஊர்வலம் முடிந்ததும், கூரையில் தொலைந்துபோன பட்டம், பந்து, ஒரு தடவை மீன்சந்தைத் தலையாரியின் பல்செட் என்று கேட்டுக்கொண்டு ஆட்கள் யூச்சினிடம் வரிசையில் நிற்பார்கள். எல்லோரும் போன பிறகு இருவரும் சிப்பிக் கஞ்சி குடிக்க உட்காருவார்கள். மேலே என்ன பார்த்தாள் என்று அவள் சொல்லத் தொடங்குவாள், நடுவில் நிறுத்தி ஊதிக் குடிப்பாள். குவோதுங் ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டு, மேசைக்கடியில் கட்டைவிரலால் எண்ணியபடி, அவள் அடுத்த வாக்கியத்துக்காகக் காத்திருப்பான்.