கருஞ்சாட்டையின் இடது கை

மூன்று தலைமுறையில் படக்கதை நாயகன் கருஞ்சாட்டைக்கு உடை மாறியது, எதிரிகள் மாறினார்கள். சாட்டை பிடிக்கும் கை மட்டும் மாறவில்லை.

1951-இல் அப்பாவு அவனைத் தலைப்பாகையும் அரை வேட்டியுமாக வரைந்தார். ஜமீன் ஆட்களின் முதுகுத் தோலை உரித்துப் புளியமரத்தில் காயப்போட்டான். அறுபத்தெட்டில் மகன் பலராமன் அவனுக்குக் கறுப்புக் கோட்டும் முகமூடியும் மாட்டினார். கடத்தல்காரர்களின் தாடைகள் உடைந்தன. 1991-இல் பேத்தி அமலா கோட்டைக் கழற்றி எறிந்துவிட்டாள். அவளுடைய கருஞ்சாட்டை ஷிப்டுக்குப் போகிற நீலச் சட்டைக்காரன், நிலம் பிடுங்கும் புரோக்கர்களின் விலாவை நொறுக்குகிறவன். கோட்டு போனதில் பலராமனுக்கு வருத்தம்தான். ஆனால் சாட்டை இடது கையில் இருந்தது. அது போதும் என்று விட்டுவிட்டார்.

'கொடுக்க வலது கை, தண்டிக்க இடது கை' என்று ஒவ்வொரு புத்தகத்தின் பின்னட்டையிலும் அச்சாகும். வாசகர்கள் அதில் பெரிய தத்துவம் கண்டார்கள். நடந்தது வேறு. அப்பாவு முதல் அட்டையை மரக்கட்டையில் செதுக்கியபோது படத்தைத் திருப்பிப் போட மறந்துவிட்டார். காகிதத்தில் வலது கை இடது கையாக விழுந்தது. ஆயிரம் பிரதி அடித்த பிறகுதான் கவனித்தார். தப்பு என்று ஒப்புக்கொள்கிற வம்சம் அல்ல; உடனே அந்த வசனத்தைக் கட்டினார். பலராமனுக்கு மட்டும்தான் இது தெரியும். நாலு வயது அமலா இடது கையில் பென்சில் பிடித்தபோது, கையை மாற்றச் சொன்ன டீச்சரிடம் அவர், "அது எங்க குடும்பத்துக் கை" என்று நெஞ்சு நிமிர்த்திச் சொன்னார்.

திங்கட்கிழமை பட்டப்பகலில் சுங்குவார்சத்திரம் டீக்கடை வாசலில், முகத்தைத் துணியால் மூடிய ஒரு நீலச் சட்டைக்காரன் புரோக்கர் முனிரத்தினத்தைச் சாட்டையால் விளாசினான். வடக்குப்பட்டு நிலங்களை மிரட்டி எழுதி வாங்கிக்கொண்டிருந்தவன் முனிரத்தினம். காது கிழிந்து தொங்கியது. ஒரு கண் போய்விட்டது. அடித்தது இடது கை. யாரோ ஒரு வாசகன். அவன் யாரென்று இன்றுவரை தெரியாது.

மறுநாள் காலை பலராமனின் ஸ்ரீபெரும்புதூர் அச்சகத்துக்குள் மூன்று பேர் நுழைந்தார்கள். அமலா மேசையில் அட்டை வரைந்து, தூரிகையை அப்போதுதான் கீழே வைத்திருந்தாள். முன்னால் நின்ற மீசைக்காரன் பழைய இதழ் ஒன்றைத் தரையில் எறிந்தான்.

"இந்தப் பொம்மையப் பாத்துக்கினுதான் எவனோ எங்க அண்ணன் கண்ண எட்த்துட்டான். போட்ட கைய ஒட்ச்சிட்டு வரச் சொல்லிக்கீறாரு. யாரு போட்டது?"

"நான்தான்" என்றார் பலராமன்.

"பெர்சு, பொய் சொல்லாத. பாப்பா வெரல்ல மை கீது பாரு."

"மை கலக்கிக் குடுக்கறவ வெரல்ல சந்தனமாடா இருக்கும்?"

"நைனா, வேணாம்..." அமலா எழுந்தாள். "நான்தான்..."

"வாய மூடு!" மகளை வாழ்நாளில் முதல்முறையாக அதட்டினார்.

மீசைக்காரன் சிரித்தான். "புக்குல அவன் பீச்சாங்கைக்காரன். போட்டவனும் அப்டித்தான் இருப்பான். நீ எந்தக் கை, பெர்சு?"

அறுபது வயதுவரை இடது கையால் ஒரு கோடு இழுத்ததில்லை பலராமன். அச்சு இறுக்கும் இரும்புச் சாவி பக்கத்தில் கிடந்தது. அதை இடது கையில் எடுத்தார். வீசினார். மீசைக்காரனின் உதடு பிளந்தது. இரண்டு பற்கள் எழுத்துப் பெட்டிக்குள் போய் விழுந்தன.

"இந்தக் கைடா!"

அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை. ஒருவன் அமலாவைச் சுவரோடு அழுத்திப் பிடித்தான். மற்றவன் பலராமனின் முடியைப் பிடித்து இழுத்து, அவருடைய இடது கையை அச்சு இயந்திரத்தின் வாய்க்குள் திணித்தான். மீசைக்காரன் ரத்தத்தைத் துப்பிவிட்டுச் சக்கரத்தைச் சுற்றினான். ஒரு சுற்று. எலும்பு நொறுங்கும் சத்தம் தெருவரை கேட்டது. இன்னொரு சுற்று. பலராமன் கீழுதட்டைக் கடித்துத் துண்டாக்கினாரே தவிர, அலறவில்லை. அவனுக்கு எதிரில் அலறினால் அப்பாவு மகன் இல்லை என்று நினைத்தார்.

"சோலி முடிஞ்சுது. வா" என்றான் மீசைக்காரன். போய்விட்டார்கள்.

ஆஸ்பத்திரியில் மூன்று விரல்களை எடுத்துவிட்டார்கள். நாலாம் நாள் அமலா கட்டிலோரம் உட்கார்ந்து விசும்பினாள்.

"உனக்கு வலது கைதானே நைனா. எதுக்கு இடது கைய நீட்டினே?"

"அவன் கேட்டது அதத்தான். இல்லன்னா உன்னுது போயிருக்கும்." பிறகு, நாற்பது ஆண்டு காத்ததைச் சொன்னார். "கருஞ்சாட்டைக்கும் வலது கைதாம்மா. தாத்தா கட்டையத் திருப்பிப் போட மறந்துட்டாரு. மத்ததெல்லாம் நாங்க கட்டுனது."

அமலா காகிதத்தை மடியில் விரித்து, இடது கையால் வரையத் தொடங்கினாள். நீலச் சட்டை. இடது கையில் பெரிய கட்டு. சாட்டை வலது கையில்.

பலராமன் படத்தை வாங்கிக் கண்ணருகே பிடித்துப் பார்த்தார்.

"கட்டு தளர்ந்திருக்கு. இறுக்கிப் போடு" என்றார்.