துண்டுக்கடியில் கடைசிப் பக்கம்

செங்காட்டூரில் மாதத்தின் முதல் ஞாயிறு கதைச் சந்தை. சனிக்கிழமை மாடுகள் போனதும் சாணியை வாரி, தண்ணீர் தெளித்து, அதே முளைக்குச்சிகளில் கதைகளைக் கட்டுவார்கள். கிழக்கு ஓரம் கவிதைகளுக்கு, வேப்பமரத்தடி ஓவியங்களுக்கு. நாவல்கள் லாரியில் வரும். கயிறு இல்லாமல் யாரும் படைப்பைக் கொண்டுவரக் கூடாது. கட்டாமல் விட்ட கதை பக்கத்துக் கதையோடு போய் நின்றுகொள்ளும், பிறகு எது யாருடையது என்று பிரிப்பதற்குள் பொழுது போய்விடும்.

சாரதாமணி தன் கதையை ஏழாவது வருடமாக ஓட்டிவந்தாள். எட்டே பக்கக் கதை, சாது, யாரையும் முட்டாது. கதைக்கு வருடத்துக்கு ஒரு பல் முளைக்கும். எட்டுப் பல் போட்ட கதையைச் சந்தை வாசலிலேயே திருப்பிவிடுவார்கள், அது சாகும்வரை வீட்டு அலமாரிதான். அவள் கதைக்கு எட்டாம் பல் ஈறுக்குள் முட்டிக்கொண்டிருப்பதை அன்று காலை விரலை விட்டுப் பார்த்திருந்தாள். அடுத்த மாதம் வரை தாங்காது.

தரகர் நாச்சிமுத்து கதையை முளையில் கட்டிவிட்டு அவளை டீக்கடைக்கு அழைத்துப் போனார். நாலு பேர் பழக்கம் வேண்டுமென்றால் அங்கேதான் நிற்க வேண்டும். அங்கே யாரும் தன் கதையைப் பற்றிப் பேசுவதில்லை; அடுத்தவர் கதைக்கு நடை சரியில்லை என்றுதான் பேசுவார்கள். பேச்சு முடிந்ததும் முகவரி வாங்கிக்கொள்வார்கள். சாரதாமணியிடம் ஆறு வருடத்தில் இருநூறு முகவரிகள் சேர்ந்திருந்தன. ஒருவருக்கும் அவள் முகம் நினைவில்லை.

பத்து மணிக்கு 'வேலிப்பூ' மாத இதழின் ஆசிரியர் கோமளவல்லி வந்தார். அறுபது வயது, தடித்த கண்ணாடி. கதையின் வாயைப் பிளந்து பல்லை எண்ணினார். மாட்டுக்குப் பார்ப்பதுபோல் முதல் பக்கத்தில் சுழி பார்த்தார். கொஞ்ச தூரம் நடக்கவிட்டுப் பார்த்தார்.

"பல்லு ஏழுங்க. சுழி சுத்தமுங்க," என்றார் நாச்சிமுத்து.

"தெரியுது. துண்டைப் போடுங்க."

பேரம் என்றால் துண்டுக்கடியில்தான். வலது கையோடு வலது கை கோத்து, மேலே தரகரின் துண்டைப் போர்த்திவிட்டு, விரலால் பேச வேண்டும். எத்தனை விரலை அழுத்துகிறார்களோ அத்தனை பக்கம் வெட்ட வேண்டும் என்று பொருள். கையை மூடினால் ஒரு வரியும் வெட்ட முடியாது என்று பொருள். இருவரும் ஒத்துவரும்வரை கையை எடுக்கக் கூடாது; துண்டைத் தரகர்தான் எடுக்க வேண்டும். இதை மீறியவர்கள் யாரும் இல்லாததால் மீறினால் என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது.

கோமளவல்லி ஒரு விரலை அழுத்தினார். ஒரு பக்கம், கடைசிப் பக்கம்.

சாரதாமணி கையை மூடினாள்.

அவள் கதையில் ஒருத்தி வீட்டைப் பூட்டிக்கொண்டு பஸ் ஏறிப் போகிறாள். ஏழாம் பக்கம் முடியும்போது பஸ் ஊர் எல்லையைத் தாண்டுகிறது. எட்டாம் பக்கத்தில் அவள் திரும்பி வந்து, சோறு வடித்து, உட்கார்ந்து சாப்பிடுகிறாள்.

"பஸ்ஸோட விட்ரு அம்மிணி. படிக்கறவங்க மனசுல அவ போய்க்கிட்டே இருப்பா," என்றார் ஆசிரியர்.

"காலையில இருந்து அவ ஒண்ணும் சாப்பிடலீங்க. பசியோட ஒருத்திய ரோட்டுல விட்டுட்டு வர எனக்கு மனசு வரலீங்க."

ஆசிரியர் மறுபடி ஒரு விரல். சாரதாமணி மறுபடி மூடிய கை. சாயங்காலம் ஐந்து மணிக்குச் சந்தையைக் கூட்டிப் பெருக்கினார்கள். கோத்த கையை எடுக்காமலே, மூவரும் கதையைப் பிடித்துக்கொண்டு சாரதாமணியின் ஊருக்குப் பஸ் ஏறினார்கள். துண்டு நாச்சிமுத்துவுடையது, அதை விட்டுவிட்டு அவர் எங்கே போவார். கண்டக்டர் கதைக்கு அரை டிக்கெட் போட்டார்.

வீட்டில் சாரதாமணியின் கணவர் சின்னராசு கூடத்தில் இரண்டு பாயைப் பக்கம் பக்கமாக விரித்தார், தரகருக்கு வாசலில் கட்டில் போட்டார். திங்கட்கிழமை மூவரும் பள்ளிக்கூடம் போனார்கள். சாரதாமணி அங்கே அலுவலகத்தில் மாற்றுச் சான்றிதழ் எழுதுபவள். முத்து முத்தான கையெழுத்து; அதற்காகவே பிள்ளைகளை வேறு பள்ளிக்கு மாற்றிய பெற்றோர் உண்டு. கை துண்டுக்குள் இருந்ததால் அன்று எழுத முடியவில்லை. "பேரம் முடியட்டும்," என்றார் தலைமையாசிரியர். செவ்வாயும் அப்படியே போனது. ஒரு விரல், மூடிய கை. அழுத்தி அழுத்தி இருவருக்கும் மணிக்கட்டு மரத்துவிட்டது.

இந்த மூன்று நாளும் இடது கையில் கரண்டி பிடித்துத்தான் சாப்பாடு. புதன்கிழமை மத்தியானம் சின்னராசு கொள்ளுப்பருப்பு கடைந்திருந்தார். சுடுசோற்றில் நெய்யும் கொள்ளுப்பருப்புமாக மணம் கூடத்தை நிறைத்தது. கோமளவல்லி கரண்டியால் இரண்டு வாய் அள்ளிப் பார்த்தார். பிறகு கரண்டியைக் கீழே வைத்தார்.

"கையால பிசைஞ்சு திங்காம இது வவுத்துக்கே போவ மாட்டேங்குது. அந்தப் பொம்பளைக்கும் இப்பிடித்தான் இருந்திருக்கும்," என்றார்.

துண்டுக்கடியில் அவர் விரல் மெல்ல மடங்கியது. எட்டுப் பக்கமும் அப்படியே. சாரதாமணிக்கு அழுகை வந்தது, அழுதாள். நாச்சிமுத்து துண்டை உருவித் தோளில் போட்டுக்கொண்டார். பசி அவசரத்தில் ஆளுக்கொரு கையை எடுத்துக்கொண்டு தட்டில் குனிந்தார்கள்.

கல்யாண மண்டபத்தில் செருப்பு மாறுவதுபோல்தான். ஆசிரியர் கதையை ஓட்டிக்கொண்டு பஸ் ஏறிப் போனபிறகு, தன் தட்டைக் கழுவ எடுத்த சாரதாமணி கடைசி வாய்ச் சோறு தட்டிலேயே ஒதுக்கப்பட்டிருப்பதைப் பார்த்தாள். கையைப் பார்த்தாள். மையும் மூக்குப்பொடியும் படிந்த, அறுபது வயதுக் கை.

"மாறிப்போச்சாட்டம் இருக்குதுங்க," என்றாள்.

"சந்தையில பாத்து மாத்திக்கலாம்," என்றார் சின்னராசு.

சந்தைக்கு இன்னும் மூன்றரை வாரம் இருந்தது. வியாழக்கிழமை ஒசூருக்கு மாற்றலாகிப் போகும் ஒருவர் மகனுக்குச் சான்றிதழ் கேட்டு வந்தார். சாரதாமணி பெயர், பிறந்த தேதி எல்லாம் சொன்னபடி எழுதினாள். கடைசியில் கை தானாக எழுதியது: 'மாணவரின் நடத்தை நன்று. எனினும் இம்முறை இவரை விடுவிக்க இயலாமைக்கு வருந்துகிறோம். தொடர்ந்து படிக்கவும்.' தலைமையாசிரியர் படித்துப் பார்த்துக் கையொப்பமிட்டார்.

"அடுத்த மாசம் திரும்ப அனுப்பிப் பாக்கறனுங்க," என்று சொல்லி அந்தத் தகப்பனார் மகனை வகுப்பில் விட்டுவிட்டுப் போனார். மாதக் கடைசியில் பள்ளியிலிருந்து ஒருவரும் வெளியேறியிருக்கவில்லை. பத்தாம் வகுப்பில் பெஞ்சு போதாமல் பிள்ளைகள் ஜன்னலில் உட்கார்ந்தார்கள்.

அதெல்லாம் சமாளிக்கலாம். சாப்பாடுதான் கஷ்டம். எவ்வளவு போட்டாலும் கடைசி வாயை அந்தக் கை வெட்டி ஓரத்தில் தள்ளிவிடும். இடது கையை நீட்டினால் தட்டிவிடும். சாரதாமணி ஒவ்வொரு வேளையும் ஒரு வாய்ப் பசியோடு எழுந்தாள்.

'வேலிப்பூ' வந்தது. அவள் கதை எட்டுப் பக்கமும் இருந்தது. அவள் பெயர் சரியாக இருந்தது. நின்றபடியே இரண்டு முறை படித்தாள். பிறகு மற்றக் கதைகளைப் புரட்டினாள். ஒன்றில் ஒரு ராஜா போரில் தோற்றுக் காட்டுக்குப் போகிறான். கடைசிப் பக்கத்தில் திரும்பி வந்து பழைய சோறு சாப்பிடுகிறான். இன்னொன்றில் கொலை செய்தவனும் துப்பறிகிறவனும் சேர்ந்து வந்து இட்லி சாப்பிடுகிறார்கள். மூன்றாவதில் ஒரு பேய், புளியமரத்திலிருந்து இறங்கி வீட்டுக்குப் போய், தயிர்சாதம். எல்லாக் கதைக்கும் முடிவு புதிதாகச் சேர்க்கப்பட்டிருந்தது. யார் வேலை என்று அவளுக்குத் தெரிந்தது. தன் கையை நினைத்து அவளுக்குப் பெருமையாக இருந்தது.

முதல் ஞாயிறு மறுபடி வந்தது. கயிறு இல்லாமல் போகக் கூச்சமாக இருந்ததால் சாரதாமணி வெறும் கயிற்றை எடுத்துக்கொண்டு போனாள். வேப்பமரத்தடியில் கோமளவல்லி நின்றார்.

"உன் கையி என்னைய ஒரு வரியும் வெட்ட விடறதில்ல அம்மிணி. போன மாசம் இதழு முந்நூறு பக்கம். மாத்திக்கலாம் வா."

"மாத்திக்கலாமுங்க."

நாச்சிமுத்து துண்டைப் போட்டார். அடியில் தன் கை வந்து விரல் கோத்ததைச் சாரதாமணி உணர்ந்தாள். இளைக்கவில்லை. நடுவிரல் காய்த்துப்போயிருந்தது, நிறைய எழுதியிருக்க வேண்டும். அது ஒரு விரலால் அழுத்தியது. பிறகு இன்னொரு தடவை. பக்கக் கணக்கு இல்லை. சாப்பிட்டாயா என்று கேட்டது.

இல்லை என்று சொல்ல அவளிடம் விரல் இல்லை, இருந்தது ஆசிரியருடைய விரல்தான். வாயால் சொன்னாள்.

"இன்னும் இல்லீங்க."

சுற்றிலும் முளைகளில் கதைகள் நின்றன. எல்லாம் எங்கெங்கோ பாதி வழியில் ஆட்களை விட்டுவிட்டு வந்த கதைகள். அதில் பாதியாவது இன்று 'வேலிப்பூ'வுக்குப் போகும். சாரதாமணி அவற்றைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"என்ர கை இன்னும் ஒரு வருசம் உங்ககிட்டயே இருக்கட்டுமுங்க அக்கா. மாசத்துக்கு ஒருக்கா நான் வந்து பாத்துக்கறேன்," என்றாள்.

கோமளவல்லி யோசித்தார். "பள்ளிக்கூடம்?"

"பக்கத்துல புதுக் கட்டடம் கட்டறாங்க."

துண்டை எடுத்தார்கள். இந்தத் தடவை அவசரப்படாமல், மாறியிருந்தபடியே சரிபார்த்து எடுத்துக்கொண்டார்கள். பிறகு மூவரும் சந்தை வாசலில் இருந்த மெஸ்ஸுக்குப் போய் இலை போடச் சொன்னார்கள். சாரதாமணி சாப்பிட்டாள். கடைசி வாய்ச் சோற்றை வழக்கம்போல் வலது கை இலையின் ஓரத்துக்கு ஒதுக்கியது. கோமளவல்லி இடது கையில் ஒரு கவிதையைப் பிடித்துப் படித்துக்கொண்டிருந்தார். அவருடைய வலது கை எட்டி வந்து, ஒதுக்கிய சோற்றை எடுத்து, ரசம் விட்டுப் பிசைந்து உருட்டியது.

சாரதாமணி வாயைத் திறந்தாள்.