பிரேக் அக்கா வாயை மூடிய கதை

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் அந்தப் பள்ளியில் அவளுக்கு 'பிரேக் அக்கா' என்று பெயர். பயிற்சிக் காரில் அவள் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. அதை அவள் மிதித்தால் ஓட்டுகிறவனின் மூக்கு ஸ்டியரிங்கை முகர்ந்துவிட்டுத் திரும்பும். "கண்ணாடி எதுக்கு இருக்கு, தலை சீவவா?" என்று அவள் கத்தினால் பின்னால் வருகிறவனும் தன் கண்ணாடியை ஒரு தடவை பார்த்துக்கொள்வான்.

அந்த அக்கா திடீரென்று வாயை மூடிவிட்டாள். தூக்கமில்லை, பசியில்லை. குளிப்பது மலையைப் புரட்டுகிற வேலையாகிவிட்டது. அழுகைகூட வரவில்லை, வந்தால் முகத்தைத் துடைக்க வேண்டுமே என்ற அலுப்பு. ஒருவழிச் சாலையில் எதிர்ப்பக்கமாக நுழைந்தவனிடம், "சரி, ஓரமா போங்க" என்றாள்.

பள்ளி முதலாளிக்குத் தலைகால் புரியவில்லை. "அக்காவுக்கு என்ன பொறுமை" என்று ஊரெல்லாம் பேச்சாகி ஆட்கள் வந்து குவிந்தார்கள். அவள் படத்தைப் பெரிதாக்கி வாசலில் மாட்டினார்.

கணவன் மட்டும் அது பொறுமை என்று நம்பவில்லை. வேண்டுமென்றே ஈரத் துண்டைக் கட்டில்மேல் போட்டுப் பார்த்தான். அவள் அதன் மேலேயே படுத்துக்கொண்டாள். மறுநாளே மனநல மருத்துவரிடம் அழைத்துப் போனான்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அந்த மருத்துவர் அம்மாள் மாத்திரை எழுதினார். "மூளையில ஒரு நரம்பணு இன்னொண்ணுக்கு சேதி சொல்ல செரட்டோனின்னு ஒண்ணை வெளிய விடும். விட்டதைத் திரும்ப உள்ள இழுத்துக்கும். இந்த மாத்திரை அப்படி இழுக்கறதைத் தடுக்கும்."

"அப்போ நாளைக்கே சரியாயிடுமா?" என்றான் கணவன்.

"சில வாரம் ஆகும். மூளை மெதுவா பழகி மாறணும். அது எப்படின்னு எங்களுக்கே இன்னும் முழுசா பிடிபடல."

"பிடிபடாமலேயா குடுக்கறீங்க?"

"நிறைய பேருக்குக் குணமாகுதுன்னு சோதிச்சுப் பார்த்திருக்கோம். இது கேக்கலைன்னா வேற இருக்கு. கூடவே பேச்சு சிகிச்சைக்கும் வாங்க."

முதலில் வந்தது குணமல்ல, குமட்டல். நாக்கு அட்டையாகக் காய்ந்தது. வேகத்தடை ஒவ்வொன்றிலும் அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்ள, தங்கள் ஓட்டுதலைப் பார்க்கச் சகிக்கவில்லை போலும் என்று மாணவர்கள் நொந்துபோனார்கள். "சந்தோஷ மாத்திரைன்னாங்க, வாந்திதான் வருது" என்றாள் கணவனிடம். குமட்டல் மெல்ல அடங்கியது. தூக்கம் திரும்பியது. ஒருநாள் காலையில் பசிக்கவும் பசித்தது.

அப்புறம் ஒருநாள், பல் வைத்தியர் ஒருவர் கிளட்ச்சை மிதிக்காமல் கியர் போட்டார். வண்டி கரகரவென்று கதறியது. இத்தனை நாளும் அவள் காதுக்கு எட்டாத சத்தம் அன்று சுருக்கென்று தைத்தது.

"மயக்க ஊசி போடாம பல்லைப் பிடுங்குவீங்களா நீங்க? கிளட்ச்சை மிதிங்க சார்."

வைத்தியர் அவசரமாகக் கிளட்ச்சை மிதித்தார். அவளுக்கோ சிரிப்பு. அடக்க அடக்கப் பொத்துக்கொண்டு வந்தது. கூடவே கண்ணில் நீரும்.

ஒரு வாரத்தில் முதலாளி தயங்கித் தயங்கி வந்தார். "புகாரா வருதும்மா. அந்த மாத்திரைய நிறுத்திட்டா என்ன? இப்பதான் நல்லாயிட்டியே."

"நல்லானதும் நிறுத்தக்கூடாது. இன்னும் பல மாசம் சாப்பிடணும். அப்புறமும் டாக்டர் சொல்லித்தான் படிப்படியா குறைக்கணும்" என்றாள். "அதை விடுங்க. வண்டியோட பின்டயர் வழுக்கையாகி எத்தனை நாளாச்சு? கண்ணு எங்க போச்சு உங்களுக்கு?"

முதலாளி அன்றைக்கே டயரை மாற்றினார்.