யானைக் கிண்ணம்

பங்குக் கோயில் ஹாலில் பெண்களுக்கு ஆன்லைன் வியாபாரப் பயிற்சி கொடுத்தார்கள். மதியம் பிரியாணி உண்டு என்று பூசையிலேயே அறிவித்துவிட்டதால் கூட்டத்துக்குக் குறைவில்லை. பாதிப் பேர் பிரியாணிக்கு வந்தவர்கள். அதில் ஒன்றும் தப்பில்லை, சாப்பிட்டுவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போனார்கள். ஆன் மேரி மட்டும் உண்மையிலேயே பாடம் கேட்க வந்தவள். தொல்லையெல்லாம் அப்படிப்பட்டவர்களைத் தேடித்தான் வருகிறது.

விருத்தாசலத்தில் ஒரு செராமிக் யூனிட்டில் பேக்கிங் வேலை பார்த்தவள் அவள். முதுகு ஒத்துழைக்காமல் நின்றுவிட்டாள். கணவன் ஜெரோம் அதே யூனிட்டில் சூளை வேலை. அவன் வாங்கி வந்து போடும் வெள்ளைக் கிண்ணங்களுக்கும் பொம்மைகளுக்கும் வீட்டில் உட்கார்ந்து பெயின்ட் அடித்து, இன்ஸ்டாகிராமில் படம் போட்டு விற்கலாம் என்று ஆரம்பித்தாள். படம் போட்டால் தங்கை ஒரு லைக் போடுவாள், ஜெரோம் ஒரு லைக் போடுவான். அத்தோடு கடை சாத்தியாயிற்று.

பாடம் எடுக்க வந்த ராபர்ட் புதுச்சேரிக்காரர். ஆன் மேரியின் பக்கத்தைப் போனில் திறந்து பார்த்ததும் சிரித்துவிட்டார்.

“என்னா மேடம், ‘செராமிக்’னு ஒரே ஒரு ஹேஷ்டேக்கு போட்டு வச்சிருக்கீங்க? சந்தக் கூட்டத்துல நின்னுக்கினு மெதுவா பேசுனா யாருக்குக் கேக்கும்? வாங்குறவங்க என்னா தேடுவாங்களோ அதப் போடுங்க. உங்கள மாதிரியே விக்கிற பெரிய பேஜுங்க என்னா டேக்கு போடுறாங்கன்னு பாருங்க. அப்புறம் போட்டோவ மேலேருந்து எடுங்க. கிண்ணத்துக்கு உள்ள டிசைன் இருந்தா பளிச்சுனு இருக்கும்.”

ஆன் மேரி இரண்டையும் அப்படியே செய்தாள். அதுவரை கிண்ணத்துக்கு வெளியேதான் பூப் போட்டுக்கொண்டிருந்தாள். இப்போது உள்ளே, அடியில், தும்பிக்கை தூக்கிய ஒரு நீல யானை. முதுகில் சிவப்புத் துணி, காதில் மஞ்சள் பொட்டு. மேலேயிருந்து படம் எடுத்தபோது அவளுக்கே அவள் கையை முத்தமிடலாம் போலிருந்தது.

டேக்குக்குக் கோயம்புத்தூரில் குழந்தைச் சாமான் விற்கும் பெரிய பக்கம் ஒன்று அகப்பட்டது. அவர்கள் போட்டிருந்ததை எல்லாம் வாரி எடுத்துத் தன் படத்துக்குக் கீழே ஒட்டினாள். #பாப்பாகிண்ணம், #முதல்சோறு, #குழந்தைக்குப்பாதுகாப்பானது.

அந்தக் கோயம்புத்தூர்க் கிண்ணங்களில் படத்தை வரைந்து, மேலே கண்ணாடிப் பூச்சு கொடுத்து, பிறகு சூளையில் வைத்துச் சுடுகிறார்கள். சுரண்டினாலும் வராது. ஆன் மேரியுடையது சுட்டு முடித்த கிண்ணத்தின் மேல் ஹார்டுவேர்க் கடைப் பெயின்ட். “இது ஷோகேஸுக்குத்தான், வேற எதுக்கும் ஆவாது” என்று ஜெரோம் முதல் நாளே சொல்லியிருந்தான். பேக்கிங்கில் அத்தனை வருஷம் இருந்தவளுக்கு அவன் சொல்லாமலேயே தெரியும்.

தெரிந்துதான் போட்டாள். ஆனால் டேக் என்பது தான் கொடுக்கும் வாக்கு என்று அவளுக்குத் தோன்றவில்லை. கடை வாசலில் கட்டுகிற சீரியல் லைட் மாதிரி, கூட்டம் சேர்க்க ஒன்று. அவ்வளவுதானே?

கூட்டம் சேர்ந்தது. எந்த டேக்கைப் பிடித்து ஆட்கள் வருகிறார்கள் என்று பார்த்தாள். பாதிக்கு மேல் அந்தக் கடைசி டேக்கைத் தேடி வந்தவர்கள், எல்லாரும் கைக்குழந்தைக்காரிகள். யானைக் கிண்ணத்துக்கு ஆர்டர் மேல் ஆர்டர். அப்படி வந்தவள்தான் கம்மாபுரம் துர்காதேவி.

“அக்கா, இதுல புள்ளைக்குச் சோறு ஊட்டலாமாக்கா?” என்று அவள் மெசேஜ் போட்டிருந்தாள்.

ஆன் மேரி அதைப் படித்தாள். இன்னொரு தடவை படித்தாள். ‘வேண்டாங்க’ என்று அடிக்க ஆரம்பித்து அழித்தாள். ‘ஊட்டலாங்க’ என்று அடிக்கவும் கை வரவில்லை. கடைசியில் இரண்டு கையும் சேர்த்துக் கும்பிடும் சின்னப் படத்தை அனுப்பிவிட்டாள். துர்கா அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டு ஆர்டர் போட்டாள். அப்படித்தான் எடுத்துக்கொள்வாள் என்று ஆன் மேரிக்கும் தெரியும்.

கிண்ணம் போய்ச் சேர்ந்ததும் துர்கா ஒரு வீடியோ போட்டாள். ஒரு வயது தாண்டிய பையன், பெயர் யுகன். மடியில் உட்கார்ந்துகொண்டு வாயை இறுக மூடியிருந்தான். “யானை எங்கடா? சோத்துக்கு அடியில ஒளிஞ்சிருக்குது. தின்னாத்தான் வெளிய வரும்” என்று அம்மா சொல்லச் சொல்ல, ஒவ்வொரு வாயாக வாங்கினான். பருப்புச் சோறு குறையக் குறைய நீல முதுகு தெரிந்தது. முழு யானையும் தெரிந்தபோது கை தட்டினான். பார்த்தவர்கள் எல்லாரும் பகிர்ந்தார்கள். ஆன் மேரி தன் பக்கத்திலும் போட்டு, எல்லா டேக்கையும் சேர்த்தாள். அன்றைக்கு முழுவதும் அவளுக்குத் தரையில் கால் பாவவில்லை.

துர்கா அடிக்கடி வீடியோ போட ஆரம்பித்தாள். ஒன்றில் யானையின் சிவப்புத் துணி பாதிதான் இருந்தது. வெளிச்சம் சரியில்லை போலிருக்கிறது என்று ஆன் மேரி தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டாள். அடுத்ததில் தும்பிக்கையே இல்லை. கீழே துர்கா எழுதியிருந்தாள்: ‘என் புள்ள யானையையே தின்னுட்டான்!’ அதற்கும் எக்கச்சக்கமான சிரிப்பு. படித்தவுடன் ஆன் மேரிக்கும் சிரிப்பு வந்தது. அடுத்த நொடி வீடியோவைத் திரும்ப ஓட்டி, தும்பிக்கை இருந்த இடத்தையே பார்த்தாள்.

ஜெரோம் வேலை முடிந்து வந்து, டீயைக் குடித்துக்கொண்டே அந்த வீடியோவைப் பார்த்தான்.

“தும்பிக்கை எங்க மேரி?”

“தேஞ்சிடுச்சி போல.”

“தேஞ்சது எங்க போச்சி?”

அவள் அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்த இடத்தையே துடைத்தாள்.

“ஷோகேஸுக்குன்னு அவங்ககிட்ட சொன்னியா, இல்லியா?”

“அவங்க ஒன்னும் கேக்கலிங்க” என்றாள். கட்டின புருஷனிடம் இப்படிக் கூசாமல் பொய் சொல்ல வருகிறதே என்று தன் மேலேயே வெறுப்பாக இருந்தது.

அவன் அந்தப் பக்கம் போனதும் எல்லாப் படங்களிலிருந்தும் அந்தப் ‘பாதுகாப்பானது’ டேக்கை எடுத்தாள். எடுத்தால்? இனிமேல் வருகிறவர்கள் வர மாட்டார்கள். கம்மாபுரத்தில் கிண்ணம் அப்படியேதான் இருக்கும், மூன்று வேளையும் சோறு விழும். மறுநாள் வாங்கியவர்களுக்கெல்லாம் ‘இது அழகுக்கு மட்டும், சாப்பிட வேண்டாம்’ என்று மெசேஜ் அனுப்பினாள். ஒருத்தி ‘முன்னாடியே சொல்றதுக்கு என்ன?’ என்று கேட்டாள். சிலர் பார்த்துவிட்டு சும்மா இருந்தார்கள். துர்காவுக்கு மட்டும் அனுப்ப முடியவில்லை. மற்றவர்கள் யாரும் கேட்கவில்லை, இவள் கேட்டாள். வாயைத் திறந்து நேராகக் கேட்டவளுக்கு என்ன எழுதுவது? எழுதுவாள், அழிப்பாள். அதற்குள் இன்னொரு வீடியோ வந்தது. அதைத் திறக்கவே அவளுக்குத் தைரியமில்லை.

ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் நற்கருணை வாங்க எல்லாரும் எழுந்து வரிசையில் போனார்கள். பாவத்தை மனசில் வைத்துக்கொண்டு அதை வாங்கக் கூடாது என்று ஆன் மேரி எழுந்திருக்கவில்லை. திரும்பி வந்த ஜெரோம் அவளை ஒரு மாதிரிப் பார்த்தான். கோயிலை விட்டு வெளியே வந்ததும் எல்லாவற்றையும் அவனிடம் கொட்டிவிட்டாள், அந்தக் கும்பிடு உட்பட.

“சாமியார்கிட்ட எல்லாத்தையும் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் பண்ணிடட்டுங்களா?” என்று கேட்டாள்.

“பண்ணு. உனக்கு மனசு லேசாவும். அந்தப் புள்ள வயித்துக்கு என்னா ஆவும்?”

ஜெரோம் கோபத்தில் சத்தம் போடுகிறவன் அல்ல. அதனால்தான் அது சுருக்கென்று தைத்தது. வீட்டுக்குப் போகாமல் நேரே பஸ் ஸ்டாண்டுக்குப் போனாள்.

கம்மாபுரத்தில் இறங்கி வழி கேட்டாள். “யானைக் கிண்ணத்துப் புள்ள வூடா?” என்று டீக்கடைக்காரர் சிரித்துக்கொண்டே கை காட்டினார். இந்தப் பெருமையெல்லாம் அவள் போட்ட டேக்கால் வந்தது. திரும்பிப் போய்விடலாமா என்று ஒரு நிமிஷம் நின்றாள். பிறகு நடந்தாள்.

போட்டோவில் பார்த்த முகம் என்பதால் துர்காவுக்கு உடனே அடையாளம் தெரிந்துவிட்டது. “அண்ணி, யாரு வந்துருக்காங்க பாருங்க! யானை அக்கா!” என்று கூவினாள். அடுத்த வீட்டிலிருந்து அவளுடைய நாத்தனார் அன்புக்கரசி ஓடி வந்தாள். நிறைமாத வயிறு. நாற்காலியை முந்தானையால் துடைத்துப் போட்டாள்.

“உக்காருங்க்கா. எனக்கும் ஒன்னு வேணும்னு இவகிட்ட சொல்லிக்கினே இருக்கேன். பொறக்கப் போற புள்ளைக்கு இப்பியே வாங்கி வச்சிக்கிறேன்.”

“ஒரு வாய் வாங்க மாட்டான்க்கா” என்றாள் துர்கா. “உங்க கிண்ணம் வந்தப்புறந்தான் ஒடம்பே தேறுனான். இருங்க, இவனுக்கு ஊட்டிட்டு டீ போடுறேன்.”

யுகன் மடியில் இருந்தான். கிண்ணத்தில் பாதிச் சோறு. அதற்கு நடுவே ஒரு காதும், நீலத் தீற்றல் மாதிரி ஒரு காலும் தெரிந்தன. துர்கா ஒரு வாய் உருட்டினாள்.

பஸ்ஸில் வரும்போது ஆன் மேரி நீளமாக யோசித்து வைத்திருந்தாள். எப்படி ஆரம்பிப்பது, எங்கே மன்னிப்புக் கேட்பது என்றெல்லாம். அதில் ஒரு வார்த்தையும் வரவில்லை.

“ஊட்டாதீங்க துர்கா.”

“ஏன்க்கா, சூடா இருக்குதா?”

“அந்தப் பெயின்ட்டு சாப்பாட்டுக்கு ஆவாதுங்க. ஷோகேஸுக்கு அடிக்கிறது. நீங்க கேட்டப்பயே எனக்குத் தெரியும்.”

துர்காவின் கை பையனின் வாய்க்கு அருகில் அப்படியே நின்றது. அன்புக்கரசிதான் முதலில் பேசினாள்.

“பாதுகாப்பானதுன்னு போட்டிருந்தீங்களே! அதப் பாத்துதான வாங்குனா!”

“வியாபாரம் ஆவணும்னு போட்டேன்.”

“வியாபாரமா? உங்க வூட்டுப் புள்ளையா இருந்தா இதுல சோறு போடுவீங்களா? பொம்பளதான நீங்க? எப்படி மனசு வந்துச்சி?”

இன்னும் திட்டமாட்டாளா என்றிருந்தது ஆன் மேரிக்கு. ஒவ்வொரு சொல்லும் நியாயம். தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டாள். “இப்பியே ஆஸ்பத்திரிக்குப் போலாம். நானும் வரேன். டாக்டருகிட்ட நானே சொல்றேன். உங்க வாயால என் பேரப் போட்டு எல்லாருக்கும் சொல்லுங்க” என்றாள்.

துர்கா மட்டும் ஒரு வார்த்தை திட்டவில்லை. உருட்டிய சோற்றைக் கிண்ணத்தில் போட்டாள். கிண்ணத்தை எட்டாத தூரத்துக்குத் தள்ளினாள். பிறகு தன் வலது கையை விரித்து, அதில் ஒட்டியிருந்த பருக்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“வேணாம் வேணாம்னு மூஞ்சத் திருப்புவான்க்கா. நான்தான் விடல. யானை, யானைன்னு ஏமாத்தி, ஒவ்வொரு வாயா இந்தக் கையாலதான் ஊட்டுனேன்.”

“தப்பு என்னுது துர்கா. உங்களுது இல்லிங்க.”

அது துர்காவின் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை. சொம்பிலிருந்து தண்ணீரை ஊற்றிக் கையைக் கழுவினாள். முந்தானை நுனியை நனைத்து விரலில் சுற்றிக்கொண்டாள். பையனின் வாய்க்குள் விட்டு நாக்கை, ஈறை, கன்னத்தின் உள்பக்கத்தை அழுத்தி அழுத்தித் துடைத்தாள். எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள். மறுபடியும் துடைத்தாள். அவள் கண்ணிலிருந்து நீர் வழிந்து அவன் நெற்றியில் சொட்டியது.

யுகன் இதுவும் ஒரு விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தான். அம்மாவுக்காக வாயை இன்னும் பெரிதாகத் திறந்து காட்டினான்.