முன்னால் போகிற அசைவு

சீஸ் துண்டு முட்புதரின் விளிம்பைத் தாண்டி உள்ளே ஒரு கை தூரத்தில்தான் கிடந்தது. இளம் நாய் ரென் அதைப் பார்த்தது, நெஸ்டாவைப் பார்த்தது, பிறகு ஈரப் புல்லில் நிதானமாக உட்கார்ந்துகொண்டது. மீன்குஞ்சுக்கு நீந்தக் கற்றுக்கொடுக்க வேண்டுமா என்பார்கள். இந்த மீன்குஞ்சோ கரையில் உட்கார்ந்து தண்ணீரை வேடிக்கை பார்த்தது. ரென்னின் தாய், தாயின் தாய் எல்லாமே பிளாக்பெர்ரி முள்ளுக்குள் தலையை நுழைத்து, காது கிழியக் கிழியத் தேடி, பதுங்கியிருக்கும் ஃபெசன்ட் கோழியைக் கிளப்பிவிட்ட ஸ்பானியல் வேட்டை நாய்கள். நெஸ்டா கையுறையால் முள்ளை விலக்கிக் காட்டினாள், கோழி இறகை உள்ளே செருகி வைத்தாள், பிள்ளையிடம் கெஞ்சுவதுபோலக் கெஞ்சினாள். நாய் வாலை ஆட்டியதே தவிர இடத்தைவிட்டு அசையவில்லை.

அவள் கணவன் எம்லின் அந்த வெல்ஷ் பள்ளத்தாக்கில் ஃபெசன்ட் கோழி வளர்த்து, சுட வருபவர்களுக்கு வேட்டை நடத்தும் பண்ணையின் காவல்காரன். சனிக்கிழமை பருவத்தின் முதல் வேட்டை. முள்ளுக்குள் இறங்காத நாய்க்கு அவனுடைய கொட்டிலில் இடமில்லை, அது யார் வளர்த்ததாக இருந்தாலும் சரி. கார்டிஃப் நகரில் ஒரு குடும்பம் வீட்டு நாய் கேட்கிறது என்று, குட்டியைக் கொடுத்தவள் போனில் சொல்லியிருந்தாள். வெள்ளிக்கிழமை வரை பொறுக்கிறேன் என்று எம்லின் சொன்னதே பெரிய காரியம்.

“சோபால படுத்துக்கிட்டு ராணி மாதிரி இருக்கப்போவுது. அதுக்கு என்ன குறைச்சல்? நீதான் ஏங்கிப்போவ,” என்றான் அன்று சாப்பாட்டில், ஆட்டுக்கறிச் சூப்பில் ரொட்டியைத் தோய்த்துக்கொண்டே.

“ஏங்கிப்போவேன்னு தெரியுதுல்ல? அப்புறம் எதுக்கு அந்தப் பேச்சு?”

கைக்குள் அடங்கும் குட்டியாக வந்ததை, கோட்டுக்குள் வைத்துக்கொண்டே ஒரு குளிர்காலம் முழுக்கத் திரிந்தவள் அவள்.

தவறு அவளுடையதுதான், அது அவளுக்கும் தெரியும். நாய் பழக்குகிறவர்கள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், இளம் நாயை மூத்த நாயோடு சேர்த்து முள்ளுக்குள் விடாதே என்று. முன் ஏர் போகிற வழியில்தான் பின் ஏரும் போகும். மூத்தது வாசனையைத் தேடும், இளையது மூத்ததைத் தேடும், அவ்வளவுதான். ஆனால் போன வசந்தத்தில் ரென்னும் கிழட்டு நாய் மோஸும் ஒன்றாகப் புதருக்குள் பாய்வதைப் பார்க்க அத்தனை அழகாக இருந்தது. இன்னும் ஒரு நாள், இன்னும் ஒரு நாள் என்று விட்டுவிட்டாள். ஜூனில் மோஸ் தூக்கத்திலேயே செத்துப்போனது. எம்லின்தான் குழி வெட்டினான். அதிலிருந்து ரென் புதரின் விளிம்பில் வந்து உட்கார்ந்து, இடது பக்கமாகத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருக்கும். யாரோ வரவேண்டும், வந்து முதலில் நுழையவேண்டும் என்பதுபோல.

புதன்கிழமை காற்றே இல்லை. பனிமூட்டம் சரிவின் பாதிவரை இறங்கி அப்படியே நின்றது. வேறு வழி தோன்றாமல் நெஸ்டா தானே மண்டியிட்டுப் புதருக்குள் ஊர்ந்தாள். தலைக்குமேல் முள் பின்னிக் கிடந்தாலும் உள்ளே ஆச்சரியமாக இடம் இருந்தது. மண் உலர்ந்திருந்தது. வெளியே ரென் முனகுவது எங்கோ அடுத்த ஊரில் கேட்பதுபோல இருந்தது. அப்போது பின்னாலிருந்து இலைகள் சரசரத்தன. மூக்கை மண்ணில் வைத்து இழுத்து இழுத்து மோப்பம் பிடிக்கும் சத்தம் நெருங்கி வந்தது, ஈர நாயின் வாடையோடு அவளுடைய இடது தோளை உரசிக்கொண்டு முன்னே போயிற்று. வந்துட்டியாடி என் கண்ணே என்று சொல்லி, சந்தோஷத்தில் அழுதேவிட்டாள். பின்னோக்கி ஊர்ந்து வெளியே வந்தபோது ரென் அதே புல்லில் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தது. அதன் மேல் ஒரு முள்கூட ஒட்டவில்லை.

ரென் அவளைக் கண்டுகொள்ளவில்லை. காதைத் தூக்கி, அவள் வந்த துளையையே பார்த்தது. பிறகு வில்லிலிருந்து விட்டதுபோல உள்ளே பாய்ந்தது.

அடுத்த நாளும் பாய்ந்தது. எம்லினிடம் அவள் வேலை நடக்கிறது என்று மட்டும் சொன்னாள், மீதியைச் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பான் என்பதல்ல காரணம். ஒருவேளை சிரிக்காமல் போய்விடுவானோ என்றுதான் பயந்தாள்.

வெள்ளி சாயங்காலம் அவன் சோதிக்க வந்தான். புதரின் மேற்பரப்பு முழுவதும் தெரியும்படி கரைமேட்டில் ஏறி நின்றுகொண்டான். கீழிருந்து நெஸ்டா கைகாட்டியதும் ரென் மறைந்தது. நன்றாக இறங்குகிறது, இண்டு இடுக்கு விடாமல் தேடுகிறது என்று மேலிருந்து சொல்லிக்கொண்டே வந்தவன் திடீரென்று வாயை மூடிக்கொண்டான்.

“நெஸ்டா, இங்க ஏறி வா,” என்றான். குரல் மாறியிருந்தது.

ஏறிப் போய்ப் பார்த்தாள். ஒரு நாய் உள்ளே போனால் முள்நுனிகள் ஒரு கோடாக ஆடிக்கொண்டு போகும். அங்கே இரண்டு கோடுகள் போயின. பின்னால் போனது பதற்றமாக, அவசரமாக. முன்னால் போனது நிதானமாக, ஓரத்துக்கு ஓரம் அகலமாகத் திரும்பிப் புதரை அளந்துகொண்டு போனது. அந்தத் திருப்பம் இருவருக்குமே தெரிந்த திருப்பம்.

அவள் நீளமாக விசில் ஊதினாள். நில் என்று பொருள். பின் கோடு நின்றது. முன் கோடு நிற்கவில்லை. அது விலகிப் போகப்போக, நின்ற கோடும் பொறுக்கமுடியாமல் மறுபடி ஆடத் தொடங்கியது.

“அதுக்கு விசில் கேக்காது,” என்றான் எம்லின் மெல்ல. “சாகறதுக்கு முந்தின குளிர்காலத்துலயே காது போயிடுச்சு. கையைத்தான் பாக்கும்.”

நெஸ்டா யோசிக்கவில்லை. உள்ளங்கையை விரித்து வலது கையை உயரத் தூக்கினாள். முன் கோடு நின்றது. ஒரு இலைகூட ஆடவில்லை.

“எறக்காத. அப்படியே வெச்சிருந்து சின்னதை மட்டும் திருப்பு.”

இடது கையால் விசிலை வாயில் வைத்து இரண்டு சிறு ஊதல் ஊதினாள். ரென் தயங்குவது முள்நுனியிலேயே தெரிந்தது. பிறகு அந்த ஒற்றைக் கோடு திரும்பியது. யாரும் போகாத பக்கமாக, தடுமாறித் தடுமாறி, அடர்ந்த இடம் பார்த்துத் தானே நுழைந்தது. படபடவென்று ஒரு ஃபெசன்ட் சேவல் முள்ளைக் கிழித்துக்கொண்டு மேலே எழுந்து பனிமூட்டத்துக்குள் போயிற்று. இடைவெளி ஒன்றில் ரென் துரத்தாமல் உட்கார்ந்து, நாக்கைத் தொங்கவிட்டபடி அதை அண்ணாந்து பார்த்தது. நெஸ்டாவின் நெஞ்சு நிறைந்துவிட்டது.

“நாளைக்குக் கூட்டிட்டு வா. இது நம்ம நாய்தான்,” என்றான் எம்லின். கார்டிஃபுக்குத் தானே சொல்லிவிடுவதாகவும் சொன்னான். ரென் மேடேறி வந்து அவள் காலடியில் விழுந்தது. காதில் ரத்தம், உடம்பெல்லாம் முள். எம்லின் குனிந்து அதற்குக் கயிறு மாட்டினான், இருட்டிவிடும் போகலாம் என்றான். பிறகு நிமிர்ந்து மனைவியைப் பார்த்தான்.

“போதும் நெஸ்டா. கையை எறக்கு.”

அவள் இறக்கவில்லை. இறக்கினால் அது எந்தப் பக்கம் போகும் என்று அவளுக்குத் தெரியவில்லை. தோள் கடுத்தது. கீழே, சரிவின் நடுவில், முள் கொஞ்சம் அமுங்கிய ஒரே ஓர் இடம் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு காத்திருந்தது.